இந்த வூட்டுல தமிழ் கூடாது

இங்கிலாந்துக்குப் போய் ஆறு மாசம் ஆகியும் எனக்கு இங்கிலீஷ் பேச வரலைங்க. எங்கூரு இண்டூர்ல தமிழ் மீடியத்துல படிச்சவன் நான். அங்க ஒரு முதியோர் இல்லத்துல வேலை. பெரியவங்களைக் குளிப்பாட்டுறது, சோறு ஊட்டுறதுன்னு கைவேலையில யாரும் என்னைக் குறை சொன்னதில்ல. ஆனா மேனேஜரம்மா என்ன கேட்டாலும் "எஸ், எஸ்"னு தலைய ஆட்டிட்டு நிப்பேன். ஒரு நாள் அந்தம்மா என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சு, மூணு மாசத்துல பேச்சு சரியாகலைன்னா வேலை இல்லைன்னுட்டாங்க. அது மட்டும் எனக்கு நல்லாப் புரிஞ்சுது.

என்கூட ஒரே வூட்டுல குடியிருந்தவன் எங்க பக்கத்து மாரண்டஹள்ளிப் பையன். என்னைவிட நாலு வயசு சின்னவன், அதே இல்லத்துல வேற ஷிஃப்ட். வாய் ஓயவே ஓயாது அவனுக்கு. தக்காளி என்ன வெலை போச்சு, அவங்கப்பா புடிச்சுட்டு வந்த புது மாடு யாரை முட்டுச்சு, எல்லாத்தையும் சமையக்கட்டுல வந்து சொல்லிட்டே இருப்பான். நானும் ஆசையாத்தான் கேட்டுட்டு இருந்தேன். மேனேஜரம்மா அப்படிச் சொன்ன அன்னைக்குச் சாயங்காலம் அவனை நிக்க வெச்சு ஒரு சட்டம் போட்டேன். "இனிமே இந்த வூட்டுல தமிழ் கூடாது. யாரு பேசுனாலும் அன்னைக்குப் பாத்திரம் பூரா அவங்கதான் கழுவணும்." "சரிங்கண்ணா"ன்னான். அதுக்கே அன்னைக்கு அவனைக் கழுவ வெச்சேன். பெரிய வாத்தியாரு நெனப்பு எனக்கு.

சும்மா சொல்லக்கூடாது, ரெண்டே மாசத்துல எனக்கு வாய் திறந்துச்சு. அவன் வாய்தான் மூடிக்கிச்சு. அவனுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ வெச்சுக்கிட்டு மாட்டைப் பத்தி என்னத்தைச் சொல்லுவான்? எனக்கு என் வேலைதான் முக்கியம், அதைக் கண்டுக்கவே இல்ல.

மூணு மாசம் முடியற சமயம், ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். மறுநாள் மேனேஜரம்மா என்னைப் பேச வெச்சுப் பாக்கறதா இருந்தாங்க. கொழம்பைக் கிண்டிக்கிட்டே என்ன பேசணும்னு சத்தமாச் சொல்லிப் பாத்துட்டிருந்தேன். அவன் போனைக் கையில புடிச்சுக்கிட்டு வந்து பின்னால நின்னான்.

"அண்ணா, அப்பா..."

நான் திரும்பிக்கூடப் பாக்கல. "இங்கிலீஷ், ப்ளீஸ்"னேன்.

அப்புறம், "மை ஃபாதர் எக்ஸ்பயர்ட்"னான்.

எங்க பக்கம் ஒருத்தனுக்கு அப்பன் செத்துட்டா அங்க பேச்சுக்கே வேலை கிடையாதுங்க. ரெண்டு கையையும் நீட்டுவோம், அவன் புடிச்சுக்குவான், சேந்து அழுவோம். நான் என்ன பண்ணேன் தெரியுங்களா? கரண்டியும் கையுமா நின்னுக்கிட்டு, "ஐ ஆம் ஸோ சாரி ஃபார் யுவர் லாஸ்"னேன். இல்லத்துல யாராச்சும் தவறிட்டா அவங்க சொந்தக்காரங்ககிட்டச் சொல்றதுக்கு எங்களுக்குச் சொல்லிக் குடுத்த வரி அது. அதைவிடக் கேவலம் ஒண்ணு இருக்கு. திக்காம வந்துச்சேன்னு ஒரு நிமிசம் எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசமா இருந்துச்சு. என்னைச் செருப்பால அடிச்சாலும் தகும்.

"தேங்க் யூ"ன்னுட்டு அவன் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டான். அடுப்பை அணைச்சுட்டு ஓடிப் போய்த் தட்டுனேன். "தம்பி, கதவைத் தொறடா"ன்னு தமிழ்லயே கெஞ்சுனேன். "ஐ ஆம் ஓகே"ன்னு மட்டும் உள்ள இருந்து வந்துச்சு. அவன் கெளம்பிப் போய்ச் சேர்றதுக்குள்ள ஊர்ல எடுத்துருவாங்க. போன்லயே, தனியா, சடங்கு எல்லாத்தையும் பாத்து முடிச்சான். அதுக்கப்புறம் எங்கிட்ட அவன் ஒரு வார்த்தை தமிழ் பேசல. நான் தமிழ்ல கேட்டாலும் இங்கிலீஷ்லதான் பதில், மரியாதையா, அளவா. ரெண்டு மாசத்துல வேற ஊருக்கு வேலை மாத்திட்டுப் போயிட்டான். எனக்கு வேலை நிரந்தரமாச்சு.

இந்தப் பொங்கல் கழிச்சு லீவுல வந்தப்போ, பாலக்கோட்டுல பஸ் மாறி மாரண்டஹள்ளிக்குப் போனேன். துக்கம் கேக்கற சாக்குல அவங்கம்மாகிட்ட நடந்ததைச் சொல்லிடணும், அவங்க திட்டினா வாங்கிக்கணும்னு முடிவு பண்ணித்தான் போனேன். நான் யாருன்னு சொன்னதுமே அந்தம்மா அழுதுட்டாங்க.

"நீங்க அங்க இருந்தது அந்தச் சாமி புண்ணியம். எம்பையன் சொன்னான். அன்னைக்கு அவனை மடியில போட்டுக்கிட்டு அழுதீங்களாமே. பொழுதுக்கும் அவங்கப்பனைப் பத்தியே பேசச் சொல்லிக் கேட்டுட்டு இருந்தீங்களாமே. அவன் தனியா இல்லைன்னு தெரிஞ்ச பொறவுதானுங்க எனக்கு ஒரு வாய் சோறு எறங்குச்சு."

அது அவன் எனக்காகச் சொன்ன பொய் இல்ல, அவங்கம்மாவுக்காகச் சொன்னது. உண்மையைச் சொன்னா, மகன் அன்னைக்குத் தனியாக் கெடந்தது அந்தம்மாவுக்குத் தெரிஞ்சு போயிடும். சொல்லலைன்னா நான் நல்லவனாயிடுவேன். அவங்க குடுத்த காப்பியக் குடிச்சுக்கிட்டு தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தேன். துக்கம் கேக்க வந்தவங்க "போயிட்டு வரேன்"னு சொல்லிக்காமக் கெளம்புறதுதான் எங்க வழக்கம். அந்த வழக்கத்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு, ஒண்ணுமே சொல்லாம எந்திரிச்சு வந்துட்டேன்.