பன்னிரண்டாம் பக்கத்துக் கோழிகள்

வேனுக்கும் காருக்கும் சீட் கவர் தைப்பதில் ரெக்சின் அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை. பதினோரு வருஷம் ஒரே முதலாளியிடம் தைத்தவள், சொந்தமாகக் கடை போடத் துணிந்தாள். மெக்கானிக் ஷெட்டை ஒட்டி ஓர் அறை கிடைத்தது. பெரிய மிஷினுக்குத்தான் கடன் தேவைப்பட்டது.

மாதம் எத்தனை வண்டி வரும், எத்தனை மீட்டர் ரெக்சின் ஆகும் என்று நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து திட்ட அறிக்கையைத் தானே எழுதினாள். வங்கி மேலாளர் அதைத் திறக்கக்கூட இல்லை. பேனா முனையால் தள்ளினார்.

"கையால எழுதினது செல்லாதும்மா. வெளிய படிக்கட்டுல ஒருத்தர் இருப்பார், முறையா போட்டுத் தருவார்."

படிக்கட்டு ஆள் பல் குத்திக்கொண்டே பெயரை மட்டும் கேட்டார்.

"என்ன தொழில்னு கேக்கலையே?"

"எல்லாம் அதுல வந்துடும்க்கா."

அரை மணியில் தடித்த புத்தகம் ஒன்று தயாரானது. அவள் பார்க்குமுன் அவரே உள்ளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

பத்தாம் நாள் மேலாளர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "கடன் பாஸ் ஆயிடுச்சு. ரிப்போர்ட் பிரமாதம். கையெழுத்துப் போடுங்க."

போடுமுன் புரட்டினாள். பன்னிரண்டாம் பக்கத்தில் தினசரி முட்டை உற்பத்தி. அடுத்ததில் செத்த கோழிகளை அப்புறப்படுத்தும் முறை.

"சார், நான் சீட் கவர் தைக்கிறவ. இதுல கோழி முட்டை போடுது."

எட்டிப் பார்த்தவருக்கு வெட்கம் துளியும் இல்லை. "இதையெல்லாம் யாரும்மா படிக்கப் போறா? என்னையும் படிக்கட்டுக்காரரையும் கொஞ்சம் கவனிச்சா போதும்."

"நான் எழுதினதையும் படிக்கல, இதையும் படிக்கல. எதப் பாத்து சார் பிரமாதம்னீங்க?"

பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். வீட்டில் கணவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"கோழின்னா என்ன, குருவின்னா என்ன? மிஷின் வந்தா சரிதானே?"

"நாளைக்குச் சோதனைக்கு வர்றவன் முட்டை எங்கன்னு கேட்டா, நீ போடுவியா?"

மறுவாரம் வேறொரு வங்கிக்குப் போனாள். அங்கிருந்த பெண் அதிகாரி மிஷினின் விலைப்பட்டியல், வாடகை ஒப்பந்தம், வேலை தரச் சம்மதித்த இரண்டு வேன்காரர்களின் கடிதம் ஆகியவற்றைக் கேட்டு வாங்கினாள். அறைக்கே வந்து ஒரு தையலை இழுத்துப் பார்த்தாள். அக்கா கையால் எழுதிய அறிக்கையை வரி விடாமல் படித்து, "கரண்ட் செலவ மறந்துட்டீங்களே" என்றாள்.

கேட்ட கடனில் முக்கால்வாசி கிடைத்தது. பழைய மிஷின்தான் வாங்க முடிந்தது. ஆனாலும் கடை திறந்துவிட்டாள்.

முதல் வங்கியின் தலைமை அலுவலகத்துக்குப் புகார் எழுதினாள். 'தங்கள் கருத்துக்கு நன்றி' என்று ஒரே வரி வந்தது. அதைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.