அப்பாவின் மாசி ரொட்டி

அப்பா எங்களைப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்கான திருப்பலிக்கு வந்திருந்து, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். துறைமுகத்தில் அப்பா பார்த்த வேலையைப் பற்றி அவரோடு வேலை பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். கோயில் காரியங்களில் அவர் எடுத்துக்கொண்ட பொறுப்பை அண்ணன் எழுதியிருக்கிறார். எனக்குச் சொல்ல இருப்பது ஒரு ரொட்டியின் கதை. உங்களில் பலர் அதைத் தின்றிருப்பீர்கள். அது எப்படிப் பிறந்தது என்று தெரிந்தவர்கள் குறைவு.

அப்பா பெரியதாழையில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே தகப்பனாரைக் கடலில் பறிகொடுத்தார். வாலிபத்தில் தூத்துக்குடிக்கு வந்து, பெரிய கப்பல்களைக் கயிறு கட்டித் துறைமுகத்துக்குள் இழுத்து வரும் படகில் கூலியாளாகச் சேர்ந்து, அதன் சுக்கானைப் பிடிக்கும் இடம் வரை உயர்ந்தார். எவ்வளவு காற்றடித்தாலும் குரலை உயர்த்தாதவர் என்று அவருடைய கூட்டாளிகள் சொல்வார்கள். வீட்டிலும் அப்படித்தான். சமையல் நடக்கிற குசினி மட்டும் அம்மாவின் ராச்சியம். தண்ணீர் வேண்டுமென்றால்கூட அப்பா அதன் வாசலில் நின்றுதான் கேட்பார்.

அம்மா இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் நானும் அண்ணனும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். அண்ணன் துபாயில், நான் சென்னையில். வெந்நீர் வைக்கத் தெரியாத மனிதரை எப்படித் தனியாக விடுவது? வீட்டைப் பூட்டிவிட்டு அப்பாவை என்னோடு கூட்டிப்போவது என்று வைத்துக்கொண்டோம். அவரிடம் சொன்னபோது ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவருடைய வேட்டி சட்டைகளைப் பெட்டியில் அடுக்கினேன். மறுநாள் மாலை ரயில்.

அன்று மத்தியானம் குசினியில் தடதடவென்று இடிக்கிற சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், அப்பா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து அம்மாவின் சின்ன உரலில் மாசியை இடித்துக்கொண்டிருக்கிறார். மரக்கட்டை போலக் காய்ந்த சூரைமீன் அது. துண்டுகள் நாலாபக்கமும் தெறித்துக் கிடந்தன. ஊருக்குப் போகிறோம் என்று நான் காய்கறி எதுவும் வாங்கி வைக்கவில்லை. அலமாரியில் இருந்தவை பாதிப் பாக்கெட் ரொட்டி, என் மகளுக்காகக் கொண்டுவந்த பீனட் பட்டர், வெங்காயம், வற்றல் மிளகாய், ஒரு எலுமிச்சம்பழம். அவ்வளவுதான்.

"என்னப்பா செய்யுதீங்க?"

"ஏளா, அங்கன உக்காரு. நான் ஒண்ணு செஞ்சு தாரேன். தின்னுட்டு நெசத்தச் சொல்லு. வாயில வைக்கும்படியா இருந்தா நான் இங்கனயே இருப்பேன். இல்லன்னா பேசாம ஒங்கூட ரயிலேறுதேன்."

அப்போதுதான் அவருடைய மௌனம் எனக்குப் புரிந்தது. விளையாட்டாகச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்காமல் மறுபடி இடிக்கத் தொடங்கியிருந்தார்.

முதல் ரொட்டியை ஒரு கடிகூடத் தின்ன முடியவில்லை. காரம் மண்டைக்கு ஏறிக் கண்ணில் நீர் கொட்டியது. உப்பும் அள்ளிப் போட்டிருந்தார்.

"அப்பா, கடல்தண்ணியக் குடிச்ச மாதிரி இருக்கு."

"நெசத்தத்தான் கேட்டேன். சொல்லிட்ட. இரு, இன்னொண்ணு."

இரண்டாவதில் உப்பு இறங்கியது. மாசிதான் பல்லில் கல்லாக மாட்டியது. மூன்றாவதற்கு நேரம் எடுத்துக்கொண்டார். மாசியை மிளகாயோடு சேர்த்துப் பூவாக இடித்தார். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி எலுமிச்சைச் சாறு பிழிந்து பிசறினார். ரொட்டியில் பீனட் பட்டரைத் தடவி, வெங்காயத்தைப் பரப்பி, மேலே மாசிப்பொடியைத் தூவினார். இன்னொரு துண்டால் மூடி, தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் முறுகவிட்டார். கடித்தேன். வேர்க்கடலையின் கொழுப்பு காரத்தைப் பிடித்துக்கொள்ள, புளிப்பும் மாசி மணமும் பின்னாலேயே வந்தன. தின்று முடித்துவிட்டு, "இன்னொண்ணு தாங்க" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைக் குறைத்தார்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். அவருக்குக் கோபம். "ரொட்டியத் தின்னுட்டு ஒரு மனுசன் எத்தன நாளு இருக்க முடியும்? ஒனக்குப் புத்தி இருக்கா?"

அப்பா கையை நீட்டிப் போனை வாங்கினார். "ஏலே, ரொட்டியில தொடங்கியிருக்கேன். சோறு கொழம்பெல்லாம் பொறவு படிச்சுக்கிடுதேன். நீ வேலையப் பாரு."

மறுநாள் மாலை அப்பா இல்லாமலே ரயிலேறினேன்.

சொன்னபடியே படித்தும்கொண்டார். வருடம் திரும்புவதற்குள் சோறும் சொதியும் மீன்குழம்பும் அவர் கைக்கு வந்துவிட்டன. ஆனால் வருகிறவர்கள் கேட்டது ரொட்டியைத்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் படகுக் கூட்டாளிகள் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். தெருமுனைக் கடை அண்ணாச்சி செவ்வாயும் வெள்ளியும் மீன் தொடமாட்டார். அவருக்காக மாசிக்குப் பதில் பொரிகடலையும் பூண்டும் சேர்த்து இடித்து ஒரு பொடி செய்தார் அப்பா. "மாமா, இதுதான் அதவிட ருசி" என்று அண்ணாச்சி சொல்ல, கூட்டாளிகள் ஒத்துக்கொள்ளாமல் சண்டை போட, அந்த வழக்கு கடைசிவரை தீரவே இல்லை.

ஊரே மழைத் தண்ணீரில் மூழ்கிய வருடம் உங்களுக்கு மறந்திருக்காது. எங்கள் வீட்டுக்கு மாடி இருந்ததால் தெருவில் பாதிப்பேர் அங்கே ஏறிவிட்டார்கள். அடுப்பு தண்ணீருக்குள். கடை அண்ணாச்சி நெஞ்சளவு தண்ணீரில், தன் கடையில் மிஞ்சிய ரொட்டிப் பாக்கெட்டுகளையும் பீனட் பட்டர் பாட்டில்களையும் சாக்கில் கட்டித் தலைமேல் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார். கல்லில் போடாமலே அப்பா ரொட்டி செய்து எல்லோருக்கும் கொடுத்தார். பிள்ளைகளுக்குச் சீனி தூவி. தண்ணீர் வடிந்த பிறகு என்னிடம் போனில் பேசியபோது, வீடு பட்ட சேதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ஏளா, சின்னப் பிள்ளையளே காரந்தான் வேணுங்குதுவ" என்று சிரித்தார்.

கடைசி மாதங்களில் இருதயம் தளர்ந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு நான் தூத்துக்குடிக்கே வந்துவிட்டேன். இந்தமுறை யார் யார் வீட்டுக்குப் போவது என்ற பேச்சே எழவில்லை. கடைசி ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகள் வந்தபோது அவரால் கஞ்சி மட்டும்தான் குடிக்க முடிந்தது. ஆனாலும் அவர்களுக்கு ரொட்டி போடச் சொன்னார். கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து அவர்கள் தின்றுகொண்டே பழைய கதை பேச, அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் குனிந்து, "ஒனக்கு என்னலே வேணும்?" என்று கேட்டார். "கதையச் சத்தமாப் பேசுங்கலே, கேக்கல" என்றார் அப்பா. செவ்வாய்க்கிழமை விடியலில், நோயில் பூசுதல் என்ற அருட்சாதனம் பெற்ற அமைதியோடு, இறைவனிடம் போனார்.

வீட்டுக்கே வந்து பார்த்த மருத்துவருக்கும், அவரைத் தூக்கி உட்கார வைத்த செவிலியர்களுக்கும், கடைசிவரை செபித்த பங்குத்தந்தைக்கும், கடை அண்ணாச்சிக்கும், தெருவாருக்கும், படகுக் கூட்டாளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அப்பா தனியாக இருக்கிறாரே என்று நானும் அண்ணனும் கவலைப்பட்ட அத்தனை வருடங்களிலும், அவரைத் தனியாகச் சாப்பிட நீங்கள் விடவே இல்லை.

— மகள்