ஜாக்கெட்டுக்கு ஏற்ற உடம்பு

ஜாக்கெட் தைப்பவனிடம் வருகிறவர்கள் துணியைக் கொடுத்துவிட்டு உடம்பை மாற்றித் தரச் சொல்வார்கள்.

தஞ்சாவூர் கீழவாசல் பக்கத்தில் ஒரு சந்தில் நாற்பது வருஷமாகப் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கிறேன். யாரிடமும் உட்கார்ந்து தொழில் கற்றுக்கொண்டவன் இல்லை. பழைய ஜாக்கெட்டுகளைப் பிரித்துப் பார்த்து, கெடுத்து, மறுபடி தைத்து வந்த வித்தை. அளவெடுத்தது மட்டும் என் மனைவி மங்களம். அவள் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இப்போது திரைக்குப் பின்னால் டேப் பிடிப்பது கடையில் வேலை பார்க்கும் செல்வராணி. மிஷினில் உட்கார்ந்து முதுகு ஒடிந்த சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப் போவதில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள், பட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பீர்கள்.

போனில் வந்த மாதிரி

முன்பெல்லாம் பக்கத்து வீட்டு ஜாக்கெட்டைக் கொண்டுவந்து "இது மாதிரி" என்பார்கள். அதில் ஒரு நியாயம் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரியும் நம்மைப் போல் சோறு தின்கிற மனுஷி. இப்போது போனைத்தான் நீட்டுகிறார்கள். போட்டோவில் நிற்கிற பெண்ணுக்கு முதுகுப்பக்கம் நாலு கிளிப் போட்டுத் துணியை இழுத்துப் பிடித்திருப்பார்கள். உள்ளே கப் இருக்கும். வெளிச்சம் ஒரு பக்கமாக விழும். இதையெல்லாம் சொன்னால் நமக்குத் தைக்கத் தெரியவில்லை என்று அர்த்தம்.

பேங்கில் வேலை பார்க்கும் ஓர் அம்மாள் அப்படி ஒரு படத்தைக் காட்டினார். நானும் ரோஷத்தோடு அதே கழுத்து, அதே கை, அதே கப் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் பத்து நிமிஷம் நின்றார். முன்னால் பார்த்தார், திரும்பிப் பார்த்தார், போனைப் பார்த்தார். "என்னம்மா குறை?" என்று கேட்டேன். பெருமூச்சு விட்டுச் சொன்னார்:

"ஜாக்கெட் அப்படியே இருக்கு டெய்லர். அந்தப் பொண்ணைத்தான் காணோம்."

பிளானைப் பார்த்து

அந்த அம்மாளுக்காவது கண்ணாடியில் தெரிவது யார் என்று புரிந்தது. நீடாமங்கலத்து ராஜலட்சுமி அம்மாள் அந்த ரகம் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக என்னிடம் தைக்கிறவர். அவருடைய மகள் வித்யாவுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. தை மாதக் கடைசியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. மார்பு தட்டையாக இருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே மனக்குறை. உறவுக்காரப் பெண்களின் கேலி வேறு. தானே சம்பாதித்து, தானே டாக்டரைத் தேடி, மார்பைப் பெரிதாக்கும் ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்துவிட்டாள். கட்டிக்கொள்ளப் போகிறவரிடமும் சொல்லிவிட்டாள். கடைசியாகத்தான் அம்மாவுக்குத் தெரிந்தது. அம்மா இரண்டு நாள் அழுதார். மூன்றாம் நாள் நிர்வாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

முகூர்த்தப் புடவையின் அரக்கு நிற ஜாக்கெட் துணியோடு கடைக்கு வந்தார். அடுத்த வாரம்தான் ஆபரேஷன். கூடவே ஒரு சீட்டு. அதில் முப்பத்தெட்டு என்று எழுதியிருந்தது. "டாக்டர் எழுதினதாம்மா?" என்றேன்.

"நான் எழுதினது. அவர் சைஸை உறுதியாச் சொல்ல முடியாதுங்கறார். உடம்பு வாகு, தோல், அது இதுன்னு இழுக்கறார். நீங்க இதை வச்சுத் தைங்க."

"இன்னும் வராத உடம்புக்கு எப்படிம்மா தைக்கிறது?"

தொழில் தெரியாதவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

"ஏங்க, வீடு கட்டுறப்ப பிளானைப் பார்த்துத்தானே கதவுக்கு ஆர்டர் குடுக்கிறோம்?"

மூன்றாம் வாரம்

அன்று எப்படியோ துணியைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆபரேஷன் முடிந்த மூன்றாவது வாரம், கார்த்திகையில், மகளையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வித்யா தொளதொள சுடிதாரில், தோளை அசைக்காமல், தலையில் நிறைகுடம் சுமப்பவள் மாதிரி நடந்து வந்தாள். கையை முழுசாகத் தூக்க முடியவில்லை. முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம். கண்ணாடியைத் தாண்டும்போது ஓரக்கண்ணால் தன்னைப் பார்த்துக்கொண்டாள். எத்தனையோ வருஷமாக நான் பார்க்கிற பெண். கண்ணாடிப் பக்கம் அவள் திரும்பியது அன்றைக்குத்தான்.

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "இப்ப இருக்கிறது வீக்கம் மாமா. இது வத்தணும். இப்ப மேல தூக்கின மாதிரி இருக்கு, சில மாசத்தில கீழ இறங்கி இயல்பா வருமாம். முன்னாடியே ரெண்டு பக்கமும் சமமா இல்ல, அது முழுசாச் சரியாகாதுன்னும் சொல்லிட்டார். தழும்பு மங்கும், மறையாது. எல்லாத்தையும் ஆபரேஷனுக்கு முன்னாடியே உக்கார வச்சுச் சொன்னார்." டாக்டர் சொன்னபோது பக்கத்து நாற்காலியில்தான் அம்மாவும் இருந்திருக்கிறார். காது வேறு எங்கோ இருந்திருக்கிறது.

திரைக்குப் பின்னாலிருந்து செல்வராணி "முப்பத்தெட்டு" என்றாள். ராஜலட்சுமி அம்மாளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மகள் மாநிலத்தில் முதலாவதாகத் தேறியதாகப் பேப்பரில் வந்தது போல மலர்ந்துவிட்டது. "வீக்கத்துக்கு அளவு எடுக்கக் கூடாதும்மா, தை பிறக்கட்டும்" என்று நான் சொல்லத்தான் சொன்னேன். ஆனால் ஜாக்கெட்டில் ஆரி வேலை வேண்டும். அந்த எம்பிராய்டரிக்காரிக்கு ஒரு மாதத்துக்கு முன்னாலேயே அளவு போட்ட துணி போக வேண்டும். இருபத்திரண்டு வருஷத்து வாடிக்கையாளர் வேறு. கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன். மற்றவர் மடத்தனத்தைச் சொல்கிறவன் தன்னுடையதை விட்டுவிடக் கூடாது: முப்பத்தெட்டுக்கு வெட்டியது நான்தான். வித்யா மூச்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார, அம்மா அவளிடம் சொன்னார்:

"டாக்டருக்குப் போன் போட்டு, இந்த வீக்கத்தை இதே இடத்தில நிறுத்தி வைக்க முடியுமான்னு கேளுடி."

நாகப்பட்டினத்துக்காரர்

இந்தப் பைத்தியம் அம்மாக்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அதே கார்த்திகையில் நாகப்பட்டினத்திலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். இரண்டு பிள்ளை பெற்று, பால் கொடுத்து ஓய்ந்த உடம்பு. போன வருஷம் அந்த அம்மாளும் இதே ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார். நிதானமாக, தன் உடம்பு வாகுக்குத் தகுந்த மாதிரிச் செய்துகொண்டிருக்கிறார் என்று செல்வராணி சொன்னாள். எல்லாம் அடங்கி, இயல்பாக உட்கார்ந்துவிட்டது. தைப்பதற்கும் எளிது. தகராறு அவர் புருஷனோடுதான்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து எனக்குத் தையல் சொல்லிக் கொடுத்தார். கழுத்தை இறக்கு, முன்பக்க மடிப்பான டக்கை இறுக்கிப் பிடி, இன்னொரு கப் வை. "எதுக்குங்க?" என்றேன். "பின்ன? ஆபரேஷன் பண்ணியிருக்குன்னு பாத்தாத் தெரிய வேணாமா? பழைய மாதிரியே கொஞ்சம் பூசினாப்ல இருக்கு, அவ்வளவுதான்." நடிகை மாதிரி ஆகிவிடும் என்று எதிர்பார்த்திருந்தாராம். அந்த ஆளுடைய வயிறு அவருக்கு முன்னால் கடைக்குள் வந்த வயிறு. மனைவி திரையை விலக்கிக்கொண்டு வந்து, அளவு ஜாக்கெட்டை மடித்து என் மேஜையில் வைத்தார். என்னிடம், "அண்ணே, எனக்குச் சௌகரியமா எப்படி வருமோ அப்படியே தைங்க" என்றார். பிறகு புருஷன் பக்கம் திரும்பினார்:

"எனக்கு இது பிடிச்சிருக்கு. உங்களுக்கு இன்னும் பெருசா வேணும்னா, நீங்க போய் வச்சுக்கிட்டு வாங்க."

வழக்கும் தீர்ப்பும்

பொங்கல் முடிந்த மறுவாரம் ஆரி வேலை முடிந்து ஜாக்கெட் தயார். நீடாமங்கலத்திலிருந்து அம்மாவும் மகளும் வந்தார்கள். வித்யா இப்போது கையை வீசி நடந்தாள். வீக்கம் வற்றியிருந்தது. மேலே தூக்கியிருந்தது இறங்கி, பார்க்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாதபடி அவள் உடம்போடு சேர்ந்துவிட்டது. டாக்டர் சொன்னது சொன்னபடி நடந்திருந்தது. ஆகவே ஜாக்கெட் லூஸ். முன்பக்கத்தில் தாராளமாக இரண்டு விரல் போகும்.

இங்கேதான் நம் ஊர்ப் புத்தியைப் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் டேப்பை யாரும் நம்புவதில்லை, ஜாக்கெட்டைத்தான் நம்புவார்கள். அளவு ஜாக்கெட் என்று ஒன்றைக் கொடுத்துவிட்டால் அது கோர்ட்டுத் தீர்ப்பு. உடம்பு இளைத்தாலும் பெருத்தாலும் தப்பு உடம்பின் பேரில்தான். ராஜலட்சுமி அம்மாள் அந்த இரண்டு விரல் இடைவெளியைப் பார்த்தார். ஜாக்கெட் தப்பு என்று ஒரு நிமிஷம்கூட அவருக்குத் தோன்றவில்லை. "ஆபரேஷன் பெயிலு" என்றார். அங்கேயே டாக்டருக்குப் போன். ஆறு மாதம் ஆகாமல் கத்தியை வைக்க மாட்டேன், வைக்கிற மாதிரி குறையும் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். உடனே இன்னோர் ஆஸ்பத்திரிக்குப் போன். அந்தப் புண்ணியவான்கள் பெண்ணைப் பார்க்காமலே, வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு வாருங்கள், பெரிதாக வைத்து, இரண்டு பக்கத்தையும் சமமாக்கிவிடலாம் என்றார்கள். கல்யாணத்துக்கு இருந்தது பதினெட்டு நாள்.

வித்யா ஜாக்கெட்டைக் கழற்றத் திரைக்குள் போனாள். கடைக்கு வரும்போது இருந்த வெளிச்சம் இப்போது அவள் முகத்தில் இல்லை. மூன்று மாதமாகத் தனக்குப் பிடித்திருந்த உடம்பை இப்போது அம்மாவின் கண்ணால் பார்க்க ஆரம்பித்துவிட்டாள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அது தொடங்கினால் நிற்காது. வெள்ளிக்கிழமை போய்விடுவாள். புண்ணே இன்னும் முழுசாக ஆறாத இடத்தில் மறுபடி கத்தி வைப்பார்கள், நான் வெட்டிய ஒரு ஜாக்கெட்டுக்காக. திரைக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது. "அக்கா, உண்மையைச் சொல்லுங்க, கோணலாவா இருக்கு?" செல்வராணி குரலைத் தாழ்த்துகிற ஜாதி இல்லை.

"கோணலா இருக்கிறது உங்கம்மா கழுத்துதான். வந்ததிலேர்ந்து சாய்ச்சுச் சாய்ச்சுல்ல பாக்குறாங்க."

மங்களம் சொன்ன அளவு

ராஜலட்சுமி அம்மாள் எழுந்துவிட்டார். நான் முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். "தப்பு ஜாக்கெட்டுலம்மா. வீக்கத்தை அளந்து வெட்டினவன் நான். உள்ளே பிடிச்சுக் குடுத்துடறேன்."

"லூஸை நீங்க பிடிச்சுடுவீங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லையே, அதை யார் பிடிக்கிறது? வலது பக்கம் சின்னதா இருக்கு. கல்யாண வீட்டில அத்தனை பேர் கண்ணும் அங்கதான் இருக்கும்."

அலமாரியைத் திறந்து பழைய அளவு நோட்டு ஒன்றை எடுத்தேன். தையல்காரர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. கடைக்கு வெளியே அதைச் சொல்லக் கூடாது. இந்த நாற்பது வருஷத்தில் இரண்டு பக்கமும் ஒரே அளவாக உள்ள ஒரு பெண்ணும் என் திரைக்குப் பின்னால் நின்றதில்லை. கால் இஞ்சாவது வித்தியாசம் இருக்கும். மங்களம் நடுவிலிருந்து இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக அளந்து சொல்வாள். இரண்டையும் வேறு வேறாக வெட்டி, ஒன்று போலத் தெரியும்படி தைத்துக் கொடுத்துவிடுவேன். போட்டுப் பார்க்கிறவர்கள் கண்ணாடியில் தங்களை மெச்சிக்கொள்வார்கள். நாம் பேசாமல் ஹூக் வைத்துக்கொண்டிருப்போம்.

நோட்டைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். "இந்தப் பக்கத்தைப் பாருங்கம்மா. இடது ஒரு அளவு, வலது அதுக்கு அரை இஞ்சு கம்மி. வித்யாவுக்கு இப்ப இருக்கிறதே கால் இஞ்சுதான்."

"இது யாரோடது?"

"மேல பேர் இருக்கும்மா."

படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அங்கேயும் அவர் பேர்தான், அதற்கு அடுத்த தீபாவளி. அங்கேயும் அரை இஞ்சு. இருபத்திரண்டு வருஷமாகக் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று அவர் போய்வந்த எல்லா இடத்துக்கும் அந்த அரை இஞ்சும் கூடவே போய்வந்திருக்கிறது. ஒருத்தரும் பார்க்கவில்லை, அவர் உள்பட.

"எனக்கா?" என்றார். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார். கடையில் எங்கள் நாலு பேரைத் தவிர வேறு யாருமில்லை. வித்யா திரையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பை அடக்க முடியாமல், "வெள்ளிக்கிழமை நீயும் கூட வந்து படுத்துக்கறியாம்மா?" என்றாள்.

"வாயை மூடுடி!" என்றார் அம்மா. காது வரைக்கும் சிவந்துவிட்டது. கோபத்தில் வெளியே போய்விடுவார், ஒரு வாடிக்கையாளர் ஒழிந்தார் என்று நினைத்தேன். போகவில்லை. நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். அரக்கு ஜாக்கெட்டை எடுத்து அதன் மேல் வைத்தார். குரல் மட்டும் பழைய அதிகாரத்தோடு வந்தது:

"எனக்குத் தைச்ச மாதிரியே இவளுக்கும் தைச்சுடுங்க, அந்த வெள்ளிக்கிழமைக்காரனுக்கு நானே போன்ல சொல்லிக்கறேன்."

ஜாக்கெட்டைப் பிரித்துத் தைக்க எனக்குத் தேவைப்பட்டது ஒரு மத்தியானம். அந்த ஒரு மத்தியானத்துக்குப் பொறுமை இல்லாமல் உடம்பைப் பிரித்துத் தைக்கக் கிளம்புகிற ஜனங்களுக்குத்தான், சகோதரர்களே, நாம் காலமெல்லாம் மிஷின் மிதித்துக்கொண்டிருக்கிறோம்.