பத்து ஸ்கொயர் கேபிள்

காலடிப்பேட்டையில் எங்கள் குடியிருப்பில் எட்டு வீடுகள். மின்சாரம் போனால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு ஜெனரேட்டர். அது என் ஜன்னலுக்கு நேர் கீழே, மெயின் போர்டிலிருந்து பதினைந்தடியில் நின்றது. அந்தச் சத்தத்தில் என்னால் எழுத முடியவில்லை. சங்கத்தின் செயலாளர் நான்தான். அதைப் பின்சுவர் ஓரமாக மாற்றலாமா என்று கூட்டத்தில் கேட்டேன்.

முதலில் கை தூக்கியவர் கீழ்வீட்டுக்காரர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். நுரையீரல் கெட்டு, நாளில் பாதிநேரம் ஆக்சிஜன் மெஷினோடு இருந்தார்.

"எழுதறவரு, பாவம். தள்ளி வெச்சிக்கட்டும். நமக்கின்னா, கரண்ட் வந்தா போதும்" என்றார்.

எலக்ட்ரீஷியன் டேப் வைத்து அளந்தார். கட்டடத்தைச் சுற்றி வந்தால் நூற்றெண்பது அடி. "சார், இப்போ கீறது பத்து ஸ்கொயர் கேபிள். பதினஞ்சடிக்கு ஓகே. இவ்ளோ தூரத்துக்கு அத்தவிட தடியா, இருவத்தஞ்சு ஸ்கொயர் போட்டாத்தான் வோல்டேஜ் நிக்கும்."

தடித்த கேபிள் வர பத்து நாளாகும். எனக்கு அந்த வாரமே வேண்டியிருந்தது. கேபிள் கம்பெனியின் அட்டவணையை அவரிடம் காட்டினேன். ஜெனரேட்டர் கொடுக்கும் ஆம்பியரைப் பத்து ஸ்கொயர் சூடாகாமல் தாங்கும் என்று அதில் இருந்தது. தூரத்தைப் பற்றி அடியில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பும் இருந்தது. பத்திரிகையில் பிறர் எழுதியதைச் சரிபார்ப்பதே என் வேலையாக இருந்தது. அந்தக் குறிப்பை நான் படிக்கவில்லை.

"நீங்க சொன்னா சரி சார். அப்பால பேஜாரானா என்னைக் கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, பத்து ஸ்கொயரையே இழுத்தார்.

ஒரு மழைநாள் பிற்பகலில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் ஓடியது, என் அறைக்குச் சத்தம் வரவில்லை. மாடியில் யாரோ தண்ணீர் மோட்டாரைப் போட்டார்கள். விளக்குகள் மங்கின. கீழ்வீட்டு அம்மா கத்துவதைக் கேட்டு இறங்கி ஓடினேன். ஆக்சிஜன் மெஷின் கீச்சிட்டபடி நின்றுபோயிருந்தது. அவர் கட்டில் விளிம்பைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலமாகியிருந்தது. மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். நிறுத்திய பிறகும் மெஷின் பழைய நிலைக்கு வரச் சில நிமிடங்கள் ஆயின.

பேச்சு வந்ததும், "இன்னா நைனா, நியூஸ் எடுக்க வந்தியா?" என்றார்.

மறுநாள் அவர்கள் மகள் வந்து அப்பா, அம்மா இருவரையும் பொன்னேரிக்குக் கூட்டிப் போனாள்.

பிறகு எலக்ட்ரீஷியன் இருபத்தைந்து ஸ்கொயர் கேபிளைப் போட்டார். மோட்டாரை ஓடவிட்டுப் பார்த்தோம். விளக்கு மங்கவில்லை. உடனே பொன்னேரிக்குப் போன் செய்தேன். மகள் எடுத்தாள்.

"சரி பண்ணியாச்சும்மா. அப்பாவைக் கூட்டிட்டு வரலாம்."

"தாங்கும்னு யாரு சொன்னது அங்கிள்? எலக்ட்ரீஷியனா, நீங்களா?"

"எலக்ட்ரீஷியன்தான்."

"போன வாட்டி தாங்காதுன்னும் அவருதான் சொன்னாராமே, நீங்க கேட்டீங்களா? அப்பா இங்கியே இருக்கட்டும் அங்கிள்."

அந்த வீட்டை இப்போது வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்.