ஆள் வருது

இது நடந்தது. என் மேல் சத்தியம் செய்தால் தெருவில் ஒருவரும் மதிக்க மாட்டார்கள் என்பதால் அக்கா மேல் சத்தியமாகச் சொல்கிறேன். அவளை வைத்து நான் பொய் சொல்ல மாட்டேன். இந்தக் கதையில் மாட்டிக்கொண்டதே அவள்தான்.

ஆரம்பித்து வைத்தது பேய் இல்லை. நான். என் சோம்பேறிக் கால்கள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை எனக்கு. காலையிலிருந்து மாலை வரை மெஷின் முன்னால் நிற்க வேண்டும். உட்கார்ந்து தேய்த்தால் லென்ஸ் விளிம்பு கோணிவிடும் என்பது முதலாளியின் கண்டுபிடிப்பு. இதை அவர் உட்கார்ந்துகொண்டுதான் சொல்வார். கடையில் எனக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. எதையும் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பதால் வந்த பெயர். பூதத்தைப் பார்த்தவன் என்று அதற்குப் பொருள் இல்லை. அன்றைக்கு வரைக்கும்.

மாலையில் பஸ்ஸில் உட்கார ஓர் இடம். என் வாழ்க்கையின் லட்சியம் அவ்வளவுதான். அதற்கு ஊரறிந்த வழி ஒன்று உண்டு. பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகப் பையை சீட்டில் போட்டுவிட வேண்டும். பை விழுந்துவிட்டால் இடம் நம்முடையது. வேறு யாராவது உட்கார வந்தால் பக்கத்தில் இருப்பவரே சொல்லிவிடுவார்: "ஆள் வருது."

அன்று மழை. கால் இரண்டும் எனக்குச் சொந்தமில்லாதவை போல வலித்தன. ஆறு ஐம்பதுக்குப் பதினேழாம் நம்பர் வந்தது. கூட்டம் பாய்ந்தது. நானும் ஓடினேன். ஓடிக்கொண்டே பையை விட்டெறிந்தேன். நடு ஜன்னல். பை உள்ளே போய்க் கச்சிதமாக விழுந்தது. அந்த அழகை ஒரு நொடி நின்று ரசித்தேன்.

அந்த ஒரு நொடிதான். விசில் அடித்தது. படிக்கட்டில் தொங்கியவர்களுக்கு நடுவில் ஒரு விரல் வைக்கக்கூட இடமில்லை. பஸ் போய்விட்டது.

பைக்கு உட்கார இடம் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை.

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் பைக்குள் அக்காவின் மாத்திரை இருந்தது.

அக்காவுக்கு வலிப்பு உண்டு. என்னைத் தூக்கி வளர்த்தவள். எங்கள் இரண்டு பேருக்கும் வேறு யாரும் இல்லை. இரவு எட்டு மணிக்கு ஒரு மாத்திரை போட்டாக வேண்டும். போன வருடம் ஒரே ஒரு வேளை தவறியது. குளியலறையில் விழுந்து மண்டை உடைந்தது. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என்கிட்ட கூட்டிட்டு வர வேண்டியிருக்காது" என்று டாக்டர் சொன்னார். வீட்டில் மாத்திரை தீர்ந்துவிட்டது. அது கிடைக்கிற ஒரே மருந்துக்கடை, நான் வாங்கிக்கொண்டு படி இறங்கும்போதே ஷட்டரை இறக்கிவிட்டது. செல்போனும் பைக்குள்ளேதான்.

டைம்கீப்பரின் கூண்டுக்கு ஓடினேன்.

"அடுத்த பதினேழு எப்ப வரும்?"

"வரும்போது வரும்."

"என் பை முன்னால போன வண்டில…"

"பை டிக்கெட் எடுத்துச்சா?" என்றார். அவருக்கு நல்ல மூட் போலிருக்கிறது.

திரும்பினேன். பதினேழு நின்றுகொண்டிருந்தது.

வந்த சத்தம் கேட்கவில்லை. மழைச் சத்தம் என்று நினைத்துக்கொண்டேன். நிறுத்தத்தில் இருந்த ஒருவரும் அதை நோக்கி நகரவில்லை. இவ்வளவு பெரிய பஸ் கண்ணுக்குத் தெரியவில்லையா, எல்லோரும் எங்கள் கடைக்கு வர வேண்டியவர்கள் என்று எண்ணியபடியே ஏறினேன். அடுத்தடுத்த நிறுத்தங்களில் முன்னால் போன வண்டியைப் பிடித்துவிடலாம் என்பது கணக்கு.

உள்ளே யாரும் இல்லை. பதினேழாம் நம்பரில், அந்த நேரத்தில், ஒரு தலைகூட இல்லை. மங்கலான மஞ்சள் விளக்கு. பிறவிப் பயன் அடைந்தேன் என்று முதல் சீட்டில் உட்காரப் போனேன்.

சீட்டில் ஒரு கைக்குட்டை விரித்திருந்தது.

"ஆள் வருது."

பின்னால் கண்டக்டர் நின்றுகொண்டிருந்தார். வெளுத்த காக்கிச் சட்டை. வயது சொல்ல முடியாத முகம். அப்படி ஒரு களைப்பை நான் கண்ணாடியில் என் முகத்தில்கூடப் பார்த்ததில்லை.

அடுத்த சீட்டில் ஒரு சாப்பாட்டு டப்பா. அதற்கடுத்து ஒரு குடை. கொட்டுகிற மழையில் சொட்டு ஈரமில்லாத குடை. ஒரு துண்டு. ஒரு கைத்தடி. எல்லா சீட்டிலும் ஏதோ ஒன்று இருந்தது. மனிதர்கள்தான் இல்லை.

"எல்லாத்துக்குமா ஆள் வருது?"

"வருது."

"யாரு வராங்க?"

"இடம் போட்டவங்க."

நேராகக் கேட்டால் வளைந்து பதில் வருகிறது. சரி, நின்றே போவோம் என்று கம்பியைப் பிடித்தேன். என் கைக்கு நேர் கீழே இருந்த சீட்டில் ஒரு மூக்குக்கண்ணாடி.

குனிந்து பார்த்தேன். பழக்கதோஷம். கனமான லென்ஸ். வலது கண் விளிம்பில் ஒரு சின்னப் பிசிறு. தேய்க்கும்போது தெறித்தது. முதலாளி கண்ணில் படாமல் ஃபிரேமுக்குள் மறைத்து மாட்டியிருந்தேன். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று மதியம் நான் செய்து முடித்த கண்ணாடி அது. ஒரு ரிட்டையர்டு வாத்தியாருடையது. நாளைக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

அது எங்கள் கடை அலமாரியில் இருக்கிறது. பூட்டிய சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது.

மழை நின்ற மாதிரி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கடை விளக்கு ஒன்றுகூட இல்லை. தெரு விளக்கும் இல்லை.

பஸ் நின்றது.

யாரும் ஏறவில்லை. கண்டக்டர் ஒரு டிக்கெட்டைக் கிழித்தார். சர்ர்ரக்… காற்றில் நீட்டினார். விரல்களுக்கு நடுவில் இருந்த டிக்கெட் இல்லாமல் போனது.

முதல் சீட் அமுங்கியது. க்ரீச்…

கைக்குட்டையைக் காணோம்.

விசில். பஸ் நகர்ந்தது. மறுபடி நின்றது. சர்ர்ரக்… க்ரீச்… குடையைக் காணோம்.

"அண்ணே," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "நான் இறங்கிக்கிறேன்."

"உங்க இடம் அங்க இருக்கு."

நடு ஜன்னல் சீட்டைக் காட்டினார்.

அங்கே என் பை இருந்தது.

நான் போட்ட அதே மாதிரி, வார் கீழே தொங்கியபடி.

"இதை நான் முன்னாடி வண்டிலதான போட்டேன்?"

"பதினேழுலதான போட்டீங்க?"

"இது எங்க போகுது?"

"போற இடத்துக்கு."

பக்கத்தில் போனேன். பையைத் தூக்கினேன். அது இருந்த இடத்தில் சீட் குழிந்திருந்தது. பையின் அளவுக்கு இல்லை. ஓர் ஆள் நெடுநேரம் உட்கார்ந்த அளவுக்கு.

என் அளவுக்கு.

உண்மையைச் சொல்கிறேன். பயத்தைவிட ஆசைதான் பெரிதாக இருந்தது. அந்தக் குழி அவ்வளவு பாந்தமாகத் தெரிந்தது. காலையிலிருந்து நின்ற கால்கள். காலையிலிருந்து என்ன, பிறந்ததிலிருந்து. முழங்கால் தானாக மடங்கியது.

க்ரீச்… பின்னால். க்ரீச்… பக்கத்தில்.

கைத்தடி போயிற்று. துண்டு போயிற்று.

கண்ணாடி மட்டும் இருந்தது. கண்ணாடியும், நானும்.

"உக்காருங்க" என்றார் கண்டக்டர். கோபமாக இல்லை. ரொம்பவும் அன்பாக.

கையில் இருந்த பைக்குள் மாத்திரை அட்டை சலசலத்தது.

"அக்காவுக்கு மாத்திரைண்ணே. எட்டு மணிக்குப் போடணும். போடலைன்னா விழுந்துருவா. வீட்டுல வேற ஆள் இல்ல."

சொல்லிவிட்டுத் தலை குனிந்தேன். அவருடைய கால்கள் கண்ணில் பட்டன. ஷூவுக்கு லேஸ் இல்லை. கணுக்கால் இரண்டும் பூசணி மாதிரி வீங்கி ஷூவுக்கு வெளியே வழிந்திருந்தன.

என் வாய் சும்மா இருக்காது. பயந்தாலும் இருக்காது.

"நீங்க எப்பண்ணே உக்காருவீங்க?"

"எனக்கு யாரும் இடம் போடலையே."

அதைச் சொன்னபோது அவர் குரல் மாறியது. பாவமாக இருந்தது எனக்கு. சத்தியமாகப் பாவமாக இருந்தது. எதையாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வதையே சொன்னேன்.

"ஒரு நாளைக்கு வீட்டுக்கு வாங்கண்ணே."

முதல் முறையாக என் கண்ணை நேராகப் பார்த்தார்.

விசில் அடித்தது. அவர் வாயில் விசில் இல்லை.

பஸ் நின்றது.

"இறங்குங்க."

எங்கள் தெருமுனை. மழை கொட்டிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். மாடிப்படி. கதவு. சுவர்க் கடிகாரத்தில் ஏழு ஐம்பத்தெட்டு. கட்டிலில் அக்கா. "ஏண்டா இப்படி தெப்பமா நனைஞ்சு வர்ற" என்றாள்.

அது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் நினைவில்லை.

விடிந்தபோது சமையலறையில் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்காக எத்தனை நாள் அக்காவைத் திட்டியிருக்கிறேன். அன்று படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து பைக்குள் பார்த்தேன். அட்டையில் ஒரு மாத்திரை குறைந்திருந்தது. கொடுத்திருக்கிறேன். போதும்.

ஆனால் பிரித்த ஞாபகம் இல்லை. தண்ணீர் எடுத்த ஞாபகம் இல்லை.

"அக்கா, ராத்திரி மாத்திரை போட்டியா?"

"போடாம இருந்தா இந்நேரம் நீ எனக்கு மாலை வாங்க அலைஞ்சுகிட்டு இருப்ப. போய்ப் பல்லைத் தேய்."

கடைக்குப் போய் அலமாரியைத் திறந்தேன். கண்ணாடி அங்கேதான் இருந்தது. வலது விளிம்பில் பிசிறு. பதினோரு மணிக்கு வாத்தியாரின் மகன் வந்தார். கண்ணாடி இனிமேல் வேண்டாம் என்றார். முந்தின நாள் சாயங்காலம், ஏழு மணி வாக்கில், பஸ்ஸுக்கு நிற்கும்போது என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மாலையில் டைம்கீப்பரிடம் போனேன்.

"நேத்து ஆறு ஐம்பதுக்கு அப்புறம் ஒரு பதினேழு வந்துச்சே, அதுல யாரு கண்டக்டர்?"

"ஏன், புகார் எழுதப் போறியா?"

"இல்ல சார். வந்துச்சா இல்லையா?"

"நீ ஏறினியா இல்லையா?"

"ஏறினேன்."

"அப்ப வந்திருக்கும்" என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டார். இப்படியே ஆளாளுக்கு என்னைச் சுற்றலில் விட்டார்கள்.

பையை வீசுவதை விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் நின்றுகொண்டேதான் வருகிறேன். வீட்டில்தான் சின்னச் சின்னதாக ஏதோ இடித்தது.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு நாற்காலி. ஜன்னல் ஓரப் பிரம்பு நாற்காலி. வேலை முடிந்து வந்ததும் நான் விழுகிற இடம். மறுநாள் அதில் உட்காரப் போனபோது அக்கா கையைப் பிடித்து இழுத்தாள்.

"அங்க வேணாம். கட்டில்ல உக்காரு."

"ஏன்?"

"சொன்னா கேளேன். மகாராஜாவுக்குச் சிம்மாசனம்தான் வேணுமோ?"

வீடு பெருக்கும்போது நாற்காலியை நகர்த்தாமல் சுற்றிப் பெருக்கினாள். பக்கத்தில் ஸ்டூலில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தாள். காலையில் தம்ளர் காலியாக இருந்தது. பிரம்பு அவ்வப்போது முனகியது. மழைக்காலத்தில் பிரம்பு முனகும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்கா நன்றாகத்தான் இருந்தாள். இன்னும் சொன்னால், முன்பைவிடச் சிரித்த முகமாக இருந்தாள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம். விளக்குப் போட்டுவிட்டு அவள் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா. விளையாடாம சொல்லு. அன்னைக்கு மாத்திரையை நான் குடுத்தேனா இல்லையா?"

என் முகத்தைப் பார்த்தாள். சிரிக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள்.

"நீ எங்கடா குடுத்த? வந்த வேகத்துல பையைக் கட்டிக்கிட்டுத் தரையில சாஞ்சுட்ட. எழுப்பி எழுப்பிப் பார்த்தேன். அசையல. எனக்கானா கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு. நல்லவேளை, உன் பின்னாடியே வந்தாரே, அவருதான் பையைத் திறந்து மாத்திரையைப் பிரிச்சுக் குடுத்தாரு. தண்ணியும் அவருதான் எடுத்துக் குடுத்தாரு."

"யாரு…"

"காக்கிச் சட்டை போட்டவரு. நீதான் வீட்டுக்கு வரச் சொன்னியாமே. பாவம்டா, காலு ரெண்டும் வீங்கிக் கிடந்துச்சு. நிக்க வச்சா அனுப்புறது? நாற்காலியை இழுத்துப் போட்டேன்."

ஜன்னல் பக்கம் திரும்பாமல் கேட்டேன்.

"எப்பக்கா போனாரு?"

"எங்க போனாரு? உக்காந்தவரு இன்னும் எந்திரிக்கலடா."