நாலு ஓம் பெட்டியில் நாலு ஸ்பீக்கர்

மகனுடைய கல்லூரிப் பையில் இன்னும் அந்த நாற்றம் இருக்கிறது. மூன்று முறை துவைத்தாகிவிட்டது. கருகிய வயரின் நாற்றம் துணியை விட்டாலும் மூக்கை விடாது போலிருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை காலை, தேனிக்குக் கல்லூரிக்குப் போகிற வழியில், வீரபாண்டி தாண்டியதும் அவன் பைக் சீட்டுக்கு அடியில் புகை வந்திருக்கிறது. பாட்டுச் சத்தத்தில் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்னால் வந்த டவுன் பஸ் டிரைவர்தான் விடாமல் ஹாரன் அடித்து நிறுத்தியிருக்கிறார். சீட்டைத் தூக்கியதும் குப்பென்று தீ. உள்ளங்கை வெந்துவிட்டது. பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி ரோட்டோரத்து மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தார்கள். அந்தத் தீக்கும் பெட்ரோல் டேங்குக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும். ஒரு வாரமாக அந்த ஒரு சாணைத்தான் அளந்துகொண்டிருக்கிறேன்.

காரணம் ஸ்டீரியோ. பைக்குக்கு எதற்கு ஸ்டீரியோ என்று கேட்காதீர்கள், நானும் கேட்டுப் பார்த்தவள்தான். முதலில் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று இரண்டு ஸ்பீக்கர். காற்றில் சத்தம் போதவில்லை என்று போன மாதம் தேனியில் ஒரு கடையில் பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு சேர்த்து மாட்டிக்கொண்டு வந்தான். ஆம்பிளிஃபயர் பெட்டியின் முதுகிலேயே எழுதியிருக்கிறது, நாலு ஓமுக்குக் குறையக் கூடாது என்று. ஓம் என்பது மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் போடுகிற கடிவாளம். நாலு ஓம் ஸ்பீக்கரோடு இன்னொரு நாலு ஓமைப் பக்க இணைப்பில் கட்டினால் இரண்டு ஓம்தான் மிஞ்சும். கடிவாளம் பாதியாகிவிட, பெட்டி தன் சக்திக்கு மீறி மின்சாரத்தைத் தள்ளித் தள்ளிச் சூடேறும். போதாததற்கு, பேட்டரியிலிருந்து பியூஸ் கூட இல்லாமல் நேர் வயர் இழுத்திருக்கிறார்கள், புண்ணியவான்கள்.

இதில் எனக்கு வெட்கம் வேறு. நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். பக்க இணைப்புக் கணக்கை வருடம் தவறாமல் கரும்பலகையில் போடுகிறவள். இவனும் என் வகுப்பில் உட்கார்ந்து, அந்தக் கணக்குக்கு முழு மதிப்பெண் வாங்கியவன்தான்.

"ஏலே, நாலும் நாலும் பேரலல்ல எத்தன?" என்று கேட்டேன், அவன் கைக்கு மருந்து போட்டுக்கொண்டே.

"ரெண்டு."

"தெரியுதுல்ல? பெறகு?"

"பாடத்துல ரெசிஸ்டர்னுல்லம்மா போட்டிருந்துச்சு. இது ஸ்பீக்கரு."

அறையலாம் போலிருந்தது. மருந்து இன்னும் பாதிதான் போட்டிருந்ததால் அறையவில்லை.

மருந்து வாசனையையும் மீறி அவன் விரல்களில் ஒட்டியிருந்த கருகல், எனக்குக் கம்பத்துக் கடையை ஞாபகப்படுத்திவிட்டது. பி.எஸ்சி. முடித்து டீச்சர் வேலைக்குப் போவதற்கு முன்னால், கம்பத்தில் ஒரு ஆடியோ கடையில் இரண்டு வருடம் இருந்தேன். வயரைப் பற்றவைக்கிற சால்டரிங் பேஸ்ட் உருகும்போது கொஞ்சம் இனிப்பாக ஒரு புகை வரும், அதுதான் அந்தக் கடையின் வாசனை. கடைக்காரர் கிறிஸ்தவர், அவரை ஊரே அண்ணாச்சி என்னும். காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டத்து டிராக்டர்கள், ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகிற ஜீப்புகள் எல்லாவற்றுக்கும் அங்கேதான் பாட்டுப்பெட்டி. புது ஸ்பீக்கர் கேட்டு யார் வந்தாலும், வண்டியில் இருப்பதைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்வார். மீட்டர் வைத்துப் பார்ப்பார். சேராது என்றால், "முடியாது."

"காசு குடுத்துத்தான அண்ணாச்சி வாங்குறேன்?"

"வாங்கு. கட்டித் தரமாட்டேன். நீயே கட்டுனாலும் என் கடையில வாங்குனேன்னு வெளியில சொல்லிராத."

"வேதக்காரரு, வாயத் தொறந்தா ஓம் ஓம்ங்கிறாரு" என்று ஜீப் டிரைவர்கள் வாசலில் நின்று சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

இனிமேல் மறைப்பதில் அர்த்தமில்லை. அண்ணாச்சி போடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில், அவர் ஏற்கெனவே இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்த ஒரு ஜீப் டிரைவர் வந்தார்.

"தங்கச்சி, மலைமெட்டு ஏறும்போது இஞ்சின் சத்தத்துல பாட்டே கேக்கல. இன்னும் ரெண்டு மாட்டி விடுங்க. நீங்க படிச்சவுக, ஒங்களுக்குத் தெரியாததா?"

படிச்சவுக! அந்த ஒரு சொல்லுக்கு விழுந்தேன். கணக்கு தெரியாமல் இல்லை. கட்டிப் போட்டுப் பார்த்தால் சத்தம் கும்மென்று ஏறியது, பெட்டியும் லேசாகத்தான் வெதுவெதுத்தது. அதுதான் இதில் உள்ள மோசடி. தப்பாகக் கட்டினால் முதல் அரைமணி நேரம் பிரமாதமாகப் பாடும்.

மறுநாள் கம்பமெட்டு ஏற்றத்தில் டேஷ்போர்டுக்குள்ளிருந்து புகை. வண்டி நிறைய ஏலக்காய் பறிக்கப் போகிற பெண்கள். ஓடுகிற ஜீப்பிலிருந்து குதித்திருக்கிறார்கள்.

சாயங்காலம் அவர்களில் ஒருத்தி நேராகக் கடைக்கு வந்தாள். சிராய்த்த முழங்கையில் துண்டைச் சுற்றியிருந்தாள்.

"எவன் கட்டுனது?"

அண்ணாச்சி வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து நின்றேன். "நாந்தாங்க்கா."

"நீயா? ஏ ஆத்தா, படிச்ச புள்ளையா கட்டுன? அங்கன கீழ பாத்தா கிடுகிடு பள்ளம். எம் மக மடியில கைப்புள்ளய வச்சிருந்தா. ஒம் பாட்டக் கேக்கவாடி நாங்க மலைக்குப் போறோம்?"

கால்மணி நேரம் திட்டினாள். ரோட்டில் கூட்டம் கூடிவிட்டது. அண்ணாச்சி என்னைக் காப்பாற்றவும் இல்லை, கூடச் சேர்ந்து திட்டவும் இல்லை. ஒரு ஸ்டூலை எடுத்து அவளுக்குப் போட்டார். அவள் உட்கார்ந்தும் திட்டினாள். முடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன்.

"இனிமே கட்டுவியா?"

"மாட்டேங்க்கா."

எழுந்து போய்விட்டாள். அன்றைக்கு அவமானத்தில் செத்தே போனேன். ஆனால் கடையில் இருந்த மீதி நாளில், மீட்டர் வைக்காமல் ஒரு வயரைத் தொட்டதில்லை.

நேற்று கருகிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு தேனிக் கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி. கவுண்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"இத கட்டுனது யாரு?"

"அந்தாளு இப்ப இல்லம்மா. மாறிக்கிட்டே இருப்பாக."

"முதலாளி?"

"அவுக கோயம்புத்தூர்ல இருக்காக. கஸ்டமர் கேட்டாக, மாட்டுனோம். நாங்க மாட்டலேன்னா பக்கத்துக் கடையில மாட்டிக்குவாக."

"எம் பையன் செத்திருப்பான்யா!"

"புரியுதும்மா. இங்கன ஸ்கேன் பண்ணி ரிவ்யூ போட்டுருங்க. மேல பாப்பாக."

கவுண்டரில் ஒட்டியிருந்த கறுப்புச் சதுரத்தைக் காட்டினார். என் குரல் வகுப்பின் கடைசி பெஞ்சு வரைக்கும் போகிற குரல். அதை யார்மேல் காட்டுவதென்று தேடினேன். எதிரே எழுந்து நின்று நான்தான் என்று சொல்ல அந்தக் கடையில் ஒரு ஆள் கிடையாது. ஸ்கேன் செய்ததும் போனில் ஐந்து நட்சத்திரங்கள் வந்து நின்றன. பிள்ளை உயிரோடு வந்ததற்கு இதில் எத்தனையைத் தொடுவது?

வெளியே வந்தால், வாசலில் இன்னொரு பைக் சீட்டைக் கழற்றி நிற்கிறது. பக்கத்தில் இரண்டு புது ஸ்பீக்கரோடு அதன் சொந்தக்காரப் பையன். உள்ளே கத்தவேண்டியதை எல்லாம் அவனிடம் கத்தினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க யாரும்மா?" என்றான்.