பச்சோந்திக்கு அம்மாள் வருத்தமாம்!

லண்டன் டூட்டிங்கில் எங்கள் வீட்டில் ஒரு பச்சோந்தி வளர்கிறது. ஒருநாள் அதன் உடம்பெங்கும் தோல் வெள்ளை வெள்ளையாகக் கிளம்பியது. பார்க்க வந்த என் கணவரின் அக்கா பதறிவிட்டார்.

"ஐயோ பிள்ளை, இது அம்மாள் வருத்தமெல்லோ! வேப்பிலை வை!"

நானும் அம்மை நோய்தான் என்று நம்பினேன். கடையில் காய்ந்த வேப்பிலை வாங்கிக் கூண்டில் கட்டினேன். மஞ்சள் தண்ணீரால் துடைத்து, தொங்கிய தோலையும் உரித்தேன். அது கறுத்துப்போய், வாயைப் பிளந்து சீறியது. பிறகு கண்ணை மூடிச் சுருண்டுவிட்டது.

"சாகப் போகுது. வெளியில கொண்டுபோய் விடு."

"ஏலாது மச்சாள்! இந்தக் குளிரில விட்டால்தான் சாகும்."

ரெலிபோன் புத்தகத்தில் தேடிப்பிடித்த மிருக வைத்தியர் சிரித்தார். பச்சோந்தி தோல் உரிப்பது இயல்புதானாம். கறுத்ததும் சீறியதும் என் கைக்குப் பயந்துதானாம். தொடாமல் விட்டேன். மறுநாள் பச்சைப்பசேலென்று கொப்பில் ஏறி நின்றது.

வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். என் அவசரபுத்திக்கு இந்தப் பச்சோந்தி சாட்சி. இப்போது தோல் கிளம்பினால் தண்ணீர் தெளிப்பதோடு சரி. மச்சாள் மறுபடியும் வேப்பிலையோடு வந்தார். வாசலிலேயே சொல்லிவிட்டேன்:

"அதை உங்கட அரிசி வாளிக்குள்ள போடுங்கோ மச்சாள், வண்டு வராது!"